காவிரிப் படுகையில் சிறுவிடைக் கோழி வளர்ப்பு: தீவனமும் தீவனத்தட்டும்

காவிரிப் படுகையின் நெல் வட்டாரங்களில் வீட்டு முற்றத்திலும் கொல்லைப்புறத்திலும் வளர்க்கப்படும் சிறிய உடல் கொண்ட நாட்டுக்கோழி வகை சிறுவிடை எனப்படுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இக்கோழி நெடுங்காலம் தனித் தீவனம் இன்றி வளர்ந்தது. நெல் அறுவடையிலும் நெல் குத்துவதிலும் சிந்தியதே அதன் உணவு. நெல் வீட்டுக்குள் வந்துசேரும் வழி மாறியபோது கோழியின் உணவும் மாறியது. இன்று பழைய வாளியிலும் குழாயிலும் மக்கள் செய்துகொள்ளும் தீவனத்தட்டு அந்த மாற்றத்தின் விளைவாகும்.

பெயரும் வகையும்

தமிழகத்தில் நாட்டுக்கோழிகளை உடலளவை வைத்துப் பெருவிடை, சிறுவிடை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். பெருவிடை உயரமானது, சண்டைச் சேவல்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. சிறுவிடைப் பேடை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையே இருக்கும். சேவல் அதைவிடச் சற்றுப் பெரியது. முட்டையும் சிறியது. ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் கூட்டிச் சென்று மேய்ப்பதிலும் சிறுவிடைக்கு நல்ல பெயர் உண்டு.

உலகின் பல பகுதிகளில் சிறிய கோழிகளுக்குப் பேன்டம் என்ற பெயர் வழங்குகிறது. அது ஜாவா தீவின் பான்டென் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாணிகம் செய்த ஐரோப்பியர் அவ்வட்டாரத்துச் சிறு கோழிகளைக் கண்டு அப்பெயரால் அழைத்தனர். ஐரோப்பாவில் பேன்டம் கோழிகளில் பலவும் அழகுக்காக வளர்க்கப்பட்டன. சிறுவிடையின் சிற்றுடல் வேறு காரணத்தால் மதிக்கப்பட்டது. குறைந்த இரையில் உயிர்வாழ்வதும், பருந்தைக் கண்டால் பறந்து ஒளிவதும், கூரை மேலும் மரத்தின் மேலும் அடைவதும் சிறிய கோழிக்கே எளிது.

தானியத்தைத் தேடி வந்த பறவை

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியான்மர் ஆகிய பகுதிகளில் வாழும் அதன் உள்ளினத்தை மிக நெருங்கிய உறவாகக் காட்டியது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. பல வீட்டுக்கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என 2008-இல் கண்டறியப்பட்டது.

கோழி மனிதரோடு எவ்வாறு சேர்ந்தது என்பதற்கு 2022-இல் வெளியான தொல்லியல் ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழிக்கு உரியவை என ஐயமின்றிக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரை. மானாவாரி நெல்லும் சிறுதானியமும் பயிரான இடங்களில் சிந்திய தானியமும் சேமித்த தானியமும் காட்டுக்கோழியை மரத்திலிருந்து இறக்கி ஊருக்குள் கொண்டுவந்தன என்பது அவர்களின் முடிவு. இதன்படி, கோழிக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு கோழி வளர்ப்பின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

காவிரிக் கரையின் பழைய சான்றுகள்

சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்ற இடத்தில் நகரம் எழுந்தது என்ற கதை அப்பெயரோடு வழங்குகிறது. உறையூர்ப் பஞ்சவர்ணேசுவரர் கோயிலில் அக்கதையைக் காட்டும் சிற்பமும் உள்ளது.

அன்றாட வாழ்வின் கோழியைக் காட்டும் சான்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், வீட்டின் முன்னே காயும் உணவுப் பொருளைக் கவர வந்த கோழியின் மேல் பெண்கள் தங்கள் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி தெருவில் கிடந்து, சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. நகரத்தின் செல்வத்தைச் சொல்வதே புலவரின் நோக்கம். எனினும், கோழி கட்டின்றித் திரிந்தது, காயும் உணவை நாடி வந்தது, அதைக் காவல் காத்தவர் பெண்கள் என்ற மூன்று செய்திகளும் அக்காட்சியில் அடங்கியுள்ளன.

சேவலுக்குப் பெருமை சேர்க்கும் சான்றுகள் தமிழகத்தில் குறைவில்லை. முருகனின் கொடியில் சேவல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையிட்ட கோழிக்கு எடுத்த நடுகல் உண்டு. குஞ்சு பொரித்து வீட்டுக்கு வருவாய் தந்த பேடைக்கு அப்படிப்பட்ட நினைவுச் சின்னம் இல்லை. அதன் வரலாற்றைப் பெரிதும் புழங்குபொருள்களையும் சொற்களையும் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

முற்றமே தீவனத்தட்டு

குறுவை, சம்பா, தாளடி என்னும் நெற்பருவங்களே படுகையின் காலக்கணக்கு. கோழியின் இரையும் அந்தக் கணக்கில்தான் அமைந்தது. அறுத்த கதிர்க்கட்டு களத்துக்கு வந்ததும் முதலில் கட்டடிப்பு, பிறகு வைக்கோலை மாடு விட்டு மிதித்துப் போரடிப்பு, அதன்பின் தூற்றல் நடைபெறும். ஒவ்வொரு நிலையிலும் நெல் சிந்தும். தூற்றும்போது பதரும், பால் முழுதாகப் பிடிக்காத கருக்காயும் தனியே விழும். கருக்காய் மனிதருக்கு உதவாது. கோழிக்கு நல்ல இரை.

விவசாயக் கூலி நெடுங்காலம் நெல்லாகவே அளக்கப்பட்டது. பண்ணையாட்களுக்கான கூலியை வரையறுத்த 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் மரக்கால் நெல்லில்தான் கணக்கிட்டது. கூலி நெல்லை வீட்டில் அவித்து, உலர்த்தி, உரலில் குத்திப் புடைத்தனர். அரிசி பானைக்குப் போனது. உமி அடுப்புக்கும் சாம்பலுக்கும் ஆயிற்று. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் பங்கானது. உடைந்த அரிசியான குருணையில் பெரியது கஞ்சிக்கும், பொடியான நொய் குஞ்சுகளுக்கும் சென்றது. நிலமற்ற குடும்பமும் நாலைந்து கோழிகள் வைத்திருக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடே அடிப்படை. கூலி நெல் குறைந்தால் குருணையும் குறையும், கோழியும் குறையும்.

நெல்லில் கிடைக்காத சத்தைக் கோழி தானே தேடிக்கொண்டது. நெல்லிலும் குருணையிலும் புரதம் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடுதான். முட்டையிடும் கோழிக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை. எருக்குழியின் புழு, வைக்கோற்போரின் பூச்சி, வரப்பின் வெட்டுக்கிளி ஆகியவை அக்குறையை நிரப்பின. வாய்க்கால் ஓரத்து நத்தையின் ஓடு முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தந்தது.

அறுவடை முடிந்த வயலில் வாத்துகளைப் பெரும் கூட்டமாக ஓட்டிச் சென்று மேய்ப்பது தனித் தொழில். கோழி அப்படி வயலுக்குப் போகவில்லை. அது வீட்டைச் சுற்றியே நின்றது. ஆகவே பெண்களின் பொறுப்பில் இருந்தது. முட்டையும் குஞ்சும் விற்ற காசு பெரும்பாலும் சிறுவாடாகச் சேர்ந்தது. குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து, பள்ளிக்கு நோட்டு, விருந்தாளிக்குக் குழம்பு என யாரிடமும் கேட்காமல் செலவிடக்கூடிய பணம் அது.

அடைவைப்பும் பஞ்சாரமும்

சிறுவிடைப் பேடை ஒரு பருவத்தில் 10 முதல் 15 முட்டை வரை இட்டு அடையில் அமரும். வாயகன்ற மண்சட்டியிலோ பழைய கூடையிலோ வைக்கோலும் மணலும் பரப்பி முட்டைகளை வைப்பர். இடி இடித்தால் கரு கலையும் என்று கரித்துண்டும் இரும்பும் அதில் போட்டுவைப்பது ஊர் வழக்கம். 21 நாளில் குஞ்சு வரும். அடையிலும் குஞ்சு வளர்ப்பிலும் பேடை பல வாரங்களைச் செலவிடுவதால் ஆண்டு முழுவதற்கும் முட்டை எண்ணிக்கை குறைவே. அதற்கு ஈடாக, குஞ்சு பொரிக்கும் பெட்டியும் வெப்ப விளக்கும் இல்லாமல் அடுத்த தலைமுறை கிடைத்துவிடுகிறது.

மூங்கிலால் கவிகை வடிவில் முடைந்த பஞ்சாரம் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. பருந்து, காகம், கீரி ஆகியவற்றிடமிருந்து காக்க அதைக் கவிழ்த்து மூடுவர். அது தீவனக் கருவியாகவும் பயன்பட்டது. விளிம்பின் ஒரு பக்கத்தைச் சிறு கல்லின் மேல் தூக்கி வைத்தால், குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி கிடைக்கும். உள்ளே தூவிய நொய்யைப் பெரிய கோழிகள் தட்டிப் பறிக்க முடியாது. தண்ணீருக்குக் கொட்டாங்குச்சியும் உடைந்த பானையின் அடியும் போதுமாயிருந்தன.

நெல் முற்றத்தை விட்டுப் போன கதை

இந்த ஏற்பாடு ஒரே நாளில் மாறவில்லை. முதலில் உரலின் இடத்தை அரிசி ஆலை பிடித்தது. சிறு ஆலைகளில் தவிட்டையும் குருணையையும் நெல்லுக்கு உரியவர் திரும்பப் பெற்றுக்கொண்டதால் கோழிக்கு இழப்பு பெரிதாக இல்லை. பெரிய ஆலைகள் பெருகித் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிலும் வளர்ந்தபோது, தவிடு சந்தைப் பொருளாயிற்று.

1960-61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய கால வகையான ஏ.டி.டி. 27, 1960களின் நடுவில் பரவியது. விளைச்சல் உயர்ந்தது. உரத்தோடு பூச்சிமருந்தும் வயலுக்கு வந்தது. குருத்துப்பூச்சிக்காக வயலில் தூவிய கார்போபியூரான் போன்ற மருந்துகள் சிறு மணிகளாக இருந்ததால் அவற்றுக்குக் குருணை மருந்து என்று பெயர் ஏற்பட்டது. குஞ்சுக்குப் போடும் உணவின் பெயரே நஞ்சின் பெயரும் ஆனது. பறவைகளுக்கு அந்த ஒற்றுமை பெயரளவில் நிற்கவில்லை. மணலையும் தானியத்தையும் கொத்தும் பறவை மருந்து மணியையும் கொத்திவிடும். கார்போபியூரான் மணிகள் பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. வரப்போரம் மேய்ந்த கோழியைக் கட்டிக் காக்க வேண்டிய தேவை இதனால் கூடியது.

அடுத்த மாற்றம் கூலியிலும் விற்பனையிலும் நிகழ்ந்தது. கூலி மெல்ல நெல்லிலிருந்து பணத்துக்கு மாறியது. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் படுகை முழுதும் அமைந்தன. பின்னர் அறுவடை இயந்திரம் பரவியது. வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றிய நெல் டிராக்டரில் ஏறிக் கொள்முதல் நிலையம் செல்கிறது. களம், கட்டடிப்பு, தூற்றல் ஆகிய மூன்றும் பல ஊர்களில் மறைந்தன. நெல் விளையும் ஊரிலேயே ஒரு மணி நெல் வீட்டுக்குள் வராத குடும்பங்கள் உருவாயின. சிந்திய நெல்லைக் கோழி இப்போது காண்பது பெரும்பாலும் கொள்முதல் நிலையத்தைச் சுற்றித்தான்.

அந்த வெற்றிடத்தைப் பொதுவிநியோக அரிசி ஓரளவு நிரப்பியது. தமிழ்நாட்டில் அது 2006-இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008-இல் 1 ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் கிடைத்தது. சமைத்து மிஞ்சிய சோறும், புடைத்து ஒதுக்கிய குருணையும் கோழிக்குச் செல்கின்றன. தன் ஊர் நெல்லை இழந்த கோழி, கடை வழியாகச் சுற்றி வந்த அரிசியை உண்கிறது.

வெள்ளைக்கழிச்சலும் மற்றொரு குருணையும்

நாட்டுக்கோழியைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும் நோய் வெள்ளைக்கழிச்சல். இது 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்டது. 1927-இல் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிகேத் நோய் என்ற பெயர் பெற்றது. 1940களில் முக்தேசுவரில் உருவான தடுப்பு மருந்து பண்ணைகளைக் காத்தது. முற்றத்துக் கோழிக்கு அது எளிதில் எட்டவில்லை. மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேலான அளவு இருக்கும். கூரையில் அடையும் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவதும் கடினம். பத்துக் கோழி உள்ள வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை.

இதற்குத் தீர்வாக 1980களில் ஆஸ்திரேலிய, மலேசிய ஆய்வாளர்கள் வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையைச் சோதித்தனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவில் இந்நோய்க்கான தடுப்பு மருந்தை உருவாக்கியது. உணவாகவும் நஞ்சாகவும் இருந்த சொல் இப்போது மருந்தையும் குறித்தது. அம்மருந்து பயன்பட ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கோழியும் தன் பங்கைத் தின்றாக வேண்டும். முற்றத்தில் வீசினால் வலிய கோழி கூடுதலாகத் தின்னும். எளியது பட்டினி கிடக்கும். எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் நின்று உண்ண இடம் தரும் தீவனத்தட்டு இங்கேயும் தேவையாயிற்று.

வீட்டில் செய்யும் தீவனத்தட்டு

காசு கொடுத்து வாங்கும் தீவனம் வந்தபின் அதைச் சிந்தவிடக் கூடாது என்ற கவலையும் வந்தது. கோழி காலால் கிளறி உண்ணும் பறவை. திறந்த தட்டில் வைத்தால் ஏறி நின்று சீய்க்கும், எச்சமிடும். வீட்டில் செய்யும் தட்டுகள் அனைத்தும் இந்த இயல்புக்கு விடையாக அமைந்தவை.

நீளவாக்கில் பிளந்த மூங்கில் மிகப் பழைய வகை. அதன் இடத்தைப் பின்னர் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாய் எடுத்துக்கொண்டது. மேலே ஒரு கம்பியோ குச்சியோ ஓடவிட்டால் கோழி உள்ளே ஏறாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்புவதும், விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருப்பதும் சிந்துவதைக் குறைக்கும். சிறுவிடைக்குக் கடையில் விற்கும் பண்ணைத் தட்டின் உயரம் பொருந்தாமல் போவதுண்டு. செங்கல் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம் என்பதே வீட்டுத் தட்டின் வசதி.

மூடியுள்ள பெயின்ட் வாளியில் செய்வது மற்றொரு வகை. வாளியின் அடிப்பகுதியை ஒட்டி நான்கு பிறைவடிவத் துளைகள் வெட்டி, அதைவிட அகன்ற தட்டின் நடுவில் திருகாணியால் பொருத்துவர். கோழி தின்னத் தின்ன மேலிருந்து தீவனம் தானே இறங்கும். துளை பெரிதானால் தட்டு நிரம்பி வழியும். தவிடு மட்டும் போட்டால் இறுகி அடைத்துக்கொள்ளும். வாளிக்குள் நடுவே ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் தீவனம் நடுவில் தங்காமல் துளைப்பக்கம் சரியும். தண்ணீருக்கும் இதே போன்ற எளிய முறை உண்டு. பாத்திரத்தின் வாயருகே துளையிட்டு, நீர் நிரப்பி, தட்டோடு சேர்த்துக் கவிழ்த்தால், துளை மூழ்கும் வரை மட்டுமே நீர் இறங்கி நிற்கும். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருப்பது அவசியம்.

மூடியும் கூரையும் படுகையில் இன்றியமையாதவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமான தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். அதன் ஆபத்தை உலகம் அறிந்தது 1960-இல். அப்போது இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தன. அந்த ஆராய்ச்சியில்தான் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கண்டறியப்பட்டது. அடைமழைக் காலத்தில் ஓரிரு நாளுக்கு வேண்டியதை மட்டும் தட்டில் போடுவது பாதுகாப்பானது.

தட்டுக்குள் போடும் பொருளிலும் வீட்டு முறைகள் உண்டு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து நீர் தெளித்து, செம்மண் நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது சிறந்த புரத உணவு. வண்டல் நிலமான பழைய படுகையைவிட வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் பகுதிக்கு இம்முறை ஏற்றது. வண்டல் ஊர்களில் சிறு தொட்டியில் அசோலா வளர்த்துக் குருணையோடு கலந்து கொடுக்கின்றனர்.

இன்றைய நிலை

2019-ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 85 கோடிக்கும் மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றுள் புறக்கடையில் வளர்ந்தவை ஏறத்தாழ 31.7 கோடி. மாநிலங்களில் 12 கோடிக்கும் மேலான பறவைகளோடு தமிழ்நாடு முதலிடம் பெற்றது. இவற்றில் பெரும்பகுதி நாமக்கல் போன்ற வட்டாரங்களின் கூண்டுப் பண்ணைகளைச் சேர்ந்தது. ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் அரசுத் திட்டங்களும் நடைபெற்றுள்ளன. ஒரத்தநாட்டில் 2012-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதால் படுகைக்குள்ளேயே ஆய்வும் பயிற்சியும் கிடைக்கின்றன.

இறைச்சி விலையைக் கருதிப் பலர் நாட்டுக்கோழியைப் பெரிய உடல் கொண்ட கலப்பினங்களோடு சேர்க்கின்றனர். கலப்பினம் விரைவில் வளரும். கூடுதல் தீவனமும் கேட்கும். அடைகாக்கும் குணம் குறைந்தால் குஞ்சுக்கு வெளியாரை நம்ப வேண்டும். தீவனமும் குஞ்சும் விலைக்கு வாங்கப்படும் வீட்டில் முட்டைக் காசு கடைக் கணக்கில் கழிந்துவிடுகிறது. சிறுவாடாக மிஞ்சுவது சிறிதே. சிறுவிடையைக் காப்பது ஓர் இனத்தைக் காப்பதோடு, நிலமில்லாத வீட்டுப் பெண்ணின் கையில் தங்கும் சிறு வருவாயைக் காப்பதும் ஆகும். பழைய வாளியில் நான்கு துளையிட்டு, அதில் ஒரு படி குருணை சிந்தாமல் நின்றால், அந்த வருவாயில் அவ்வளவு மிச்சம்.